பியானோவும் தியான இசையும்

இசையைக் கேட்டல் எளிதென்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். செவியிருப்பார்க்கெல்லாம் இசை கேட்கும். ஆயின் இசையைக் கேட்பார் சிலரே. பாடுதற்குப் பயிற்சி வேண்டுமாறு போலக் கேட்டற்கும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சிக்கு ஏற்றதொரு துணையாக, ஒருவர் தனித்திருந்து பியானோவில் அமைதியாக வாசிக்கும் தியான இசையைப் பற்றி இக்கட்டுரையிற் சிறிது ஆராய்வாம்.

பியானோ ஏறக்குறைய 1700-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரில் பார்த்தோலோமியோ கிறிஸ்தோபோரி என்பவரால் ஆக்கப்பட்டது. கட்டையை விரலால் அழுத்த, உள்ளேயுள்ள சிறு சுத்தியல் தந்தியைத் தட்டி மீளும். இக்காலத்துப் பியானோவில் 88 கட்டைகள் உள. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரங்கள். அவை முன்னரே நிலைநிறுத்தப்பட்டவை. ஒரு சுரத்தைத் தட்டியபின் வாசிப்பவர் அதனை அசைக்கவும் வளைக்கவும் இயலாது; பெருக்கவும் இயலாது. அது பிறந்த கணமே தேயத் தொடங்கும்.

இஃது நம் இசைக்குப் பெருங்குறையன்றோ? நாதசுரத்திலும் வீணையிலும் மிடற்றிலும் ஒரு சுரம் மற்றொன்றினுட் குழைந்து செல்லும் கமகமே நம் இசையின் உயிர். அவ்வுயிரைத் தரமாட்டாத கருவி தெய்வப் பாடலையும் நாட்டுப் பாடலையும் எங்ஙனம் ஏந்துமெனில், அதற்கு விடையளித்தார் மூவரைக் காட்டுவாம்.

முதலாமவர் அருமேனியக் குருவாகிய கொமிதாஸ் (1869-1935). இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். எச்மியாத்சின் மடத்திற் கல்வி பயின்று, பெர்லினில் இசையிலக்கணம் கற்றவர். ஊர்தோறும் சென்று உழவர் பாடல்களைக் கேட்டு எழுதினார். நாட்டுக் கூத்துகளிற் சிலவற்றைப் பியானோவுக்கு அமைத்தபோது, இன்ன பகுதியை இன்ன நாட்டுக் கருவி ஒலிப்பதுபோல வாசிக்க வேண்டுமெனக் குறித்தும் வைத்தார். பியானோ தன் குரலை அடக்கிக்கொண்டு குழலாகவும் பறையாகவும் பேசுமாறு செய்தமை அவரது திறம்.

இரண்டாமவர் குர்ஜீப். இவர் பிறந்தது அருமேனியாவின் இன்றைய கியும்ரி நகர். இவருடைய தந்தை பழங்கதைகளைப் பாடும் பாணர். நம் கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவெல்லாம் பாடக் கேட்டு வளர்ந்தார்க்கு அவ்விளமையின் இயல்பை விரித்துரைக்க வேண்டா. பின்னாளில் பிரான்சு தேசத்தில் வாழ்ந்த குர்ஜீப், தாம் கேட்ட மெட்டுகளை வாயாற் சீழ்க்கையடித்தும் ஒரு விரலால் தட்டியும் காட்ட, தாமஸ் தெ ஹார்ட்மன் என்னும் இசைப்புலவர் அவற்றை உடனே எழுதிப் பியானோவுக்கு உருவமைத்தார். இவ்விசையின் பெரும்பகுதி 1925 முதல் 1927 வரை எழுந்தது. 1980-இல் அமெரிக்கப் பியானோ வித்தகர் கீத் ஜாரெட் அவற்றிற் சிலவற்றை ஒலிப்பதிவு செய்தனர்.

மூன்றாமவர் எத்தியோப்பியத் துறவியான எமஹோய் செகே மரியம் கெப்ரூ அம்மையார் (1923-2023). இளமையிற் சுவிட்சர்லாந்திலும் பின்பு கெய்ரோவிலும் மேனாட்டிசை பயின்று, உலகை வெறுத்து மடம் புகுந்தவர். இவர்தம் இசை முதன்முதல் 1960-களில் இசைத்தட்டாக வெளிவந்தது. அதன் வருவாயை அநாதைச் சிறார்க்கு ஈந்தார். இறுதிக் காலத்தை எருசலேமிலுள்ள எத்தியோப்பிய மடத்திற் கழித்தார். எத்தியோப்பிய நாட்டிசையில் ஐந்து சுரங்களாலாய வகைகள் பல. அவற்றுள் ‘திசிதா’ என்பதன் ஒரு வடிவம் ச ரி க ப த என அமையும். அஃது நம் மோகனத்தின் சுரங்களே. திசிதா என்னும் சொல்லுக்கு நினைவு, ஏக்கம் என்பன பொருள்.

இம்மூவர் இசையையும் ஒப்பநோக்கின், பியானோவின் குறையை அவர்கள் எவ்வாறு குணமாக்கினர் என்பது விளங்கும். சுரத்தை வளைக்க இயலாமையின், தலைமைச் சுரத்திற்கு முன் ஒரு சிறு சுரத்தை விரைந்து தொட்டுச் செல்வர். செவி அதனை வளைவென்றே கொள்ளும். இடக்கையால் ஆதார சட்சமத்தையும் பஞ்சமத்தையும் ஒலிக்கவிடுவர். அஃது ஒத்துக்காரர் பிடிக்கும் சுருதியை ஒக்கும். விருத்தம் பாடுவார்போல் தாளக்கட்டின்றி மூச்சின் அளவே அளவாக வாசிப்பதும் உண்டு. எல்லாவற்றினும் மேலாக, சுரம் தேயுமாதலின் அத்தேய்வையே இசையாக்கினர். அடுத்த சுரத்திற்கு விரையாது, முன்னது அடங்குமளவும் காத்திருத்தலே இவ்விசையின் தியானம்.

இனிக் கேட்கும் முறை. முதன்முறை இடக்கையின் ஆதார ஒலியை மட்டும் கேட்க. இரண்டாம் முறை மெட்டைப் பின்தொடர்ந்து, அது புறப்பட்ட இடத்திற்கு மீள்கின்றதா என்று நோக்குக. மூன்றாம் முறை ஒவ்வொரு சுரமும் எங்கே முடிகின்றது என்பதைக் கேட்க. மூன்றாவதே அரிது. மனம் ஓடும், ஓடினமை தெரிந்தவுடன் திரும்பக் கொணர்க. ஒரு சிறு பாட்டை இங்ஙனம் மும்முறை கேட்டல், நூறு பாட்டுகளை வேறு வேலை செய்துகொண்டே கேட்டலினும் மேலாம்.

இம்முறையைச் சோதிக்கும் பொருட்டு, மாசிமகத் தேர் முடிந்த சில நாட்களில், காரமடையிலுள்ள எம் நண்பர் ஒருவர் இல்லத்திற் சிலராகக் கூடினோம். அரங்கநாதர் தேருக்கு வந்த கூட்டம் கலைந்துவிட்டது. பந்த சேவையின் தீவட்டிகளும் பறை முழக்கமும் ஓய்ந்து ஊர் அமைதியுற்றிருந்தது. அவ்வமைதியில் எமஹோய் அம்மையாரின் பாட்டொன்றை வைத்தோம். இரண்டாம் முறை கேட்கையில் நண்பருடைய அமுச்சி திண்ணையிலிருந்து எழுந்துவந்து நிலைப்படியில் நின்றார்.

“எங்க ஆத்தா தூரியாட்டறப்ப இப்பிடித்தான் கண்ணு இழுப்பா” என்றார்.

“நீங்க பாடுங்க அமுச்சி” என்று நண்பர் வேண்டினார்.

அவர் சிறிது நேரம் தயங்கிப் பின் மெல்லப் பாடினார். இரண்டடி வந்தது, மூன்றாமடியில் நின்றுவிட்டது. மீண்டும் தொடங்கினார், அவ்விடத்திலேயே மீண்டும் நின்றது.

“நடுவுலெ மறந்துபோச்சு கண்ணு. எங்கூடப் பாடுனவளுக எல்லாம் போயிட்டாளுக. ஆரெக் கேக்கறது?”

யாங்கள் ஒன்றும் சொல்லக்கூடவில்லை. ஆயிரம் காதத்திற்கு அப்பாலுள்ள எத்தியோப்பியத் துறவியின் பாட்டு எம் கைப்பெட்டியிற் பழுதின்றி இருந்தது. அடுத்த அறையிற் பிறந்து வளர்ந்த தாலாட்டின் மூன்றாமடி எங்குமில்லை. நண்பரோ அவ்வில்லத்திலேயே இருபதாண்டு வளர்ந்தவர்; அப்பாட்டை அன்றுதான் முதன்முறை கேட்டதாகச் சொல்லி நாணினார்.

கொமிதாசுக்கு நேர்ந்ததை இங்கு நினைவுகூர்தல் தகும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் கான்ஸ்டாண்டினோபிளில் அருமேனியப் பெரியோர் பலர் சிறைபிடிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டனர். அவருள் கொமிதாசும் ஒருவர். அவர் உயிருடன் மீண்டார்; ஆயின் மனம் மீளவில்லை. பாட்டுத் தொகுதிகளுட் பல சிதறியழிந்தன. 1935-இல் பாரிசில் மறைந்தார். ஆயினும் அவர் எழுதிவைத்தவற்றுள் எஞ்சியவை இன்றும் பாடப்படுகின்றன. அவற்றைப் பாடிய ஊர்களுள் அழிந்தன பல. கேட்டு எழுதியவர் ஒருவர் இருந்தமையின் பாட்டு அழியவில்லை.

நம் நாட்டிலும் கேட்டார் இலரல்லர். ஈரோட்டில் ஊழியம் புரிந்த பாப்லி ஐயர், நம் சங்கீதத்தை முறையாகப் பயின்று, 1921-இல் இந்திய இசை குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் இயற்றினார். வழிபாட்டில் இந்நாட்டு இசையே வழங்கவேண்டுமென வற்புறுத்தினார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். நம் நாளில் சென்னை அனில் ஸ்ரீநிவாசன் போன்றார் கருநாடக இசைக்குப் பியானோவைத் துணையாக்கியுள்ளனர். ஆயினும் வித்துவான்களின் இசைக்குக் கிடைத்த செவி, தூரியருகிலும் களத்துமேட்டிலும் பிறந்த இசைக்கு இன்னும் போதிய அளவு கிடைத்திலது.

மாணவ நண்பர்காள்! பியானோ இல்லாதாரும் இதனைச் செய்யலாம். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குக. அமுச்சியையோ அப்பிச்சியையோ ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, இடைமறியாது இறுதிவரை கேட்க. கைப்பேசியிற் பதிந்துகொள்க; சொற்களைத் தாளில் எழுதுக; பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் உடன் குறிக்க. மறந்த அடியை நீவிர் இட்டு நிரப்பற்க. அவ்விடத்தை வெறுமையாக விடுக. அதனை அறிந்தார் அடுத்த ஊரில் இருத்தலும் கூடும்.

காரமடைத் தாலாட்டின் மூன்றாமடிக்கென யாங்கள் விட்ட இடம் எம் ஏட்டில் இன்றும் வெறுமையாகவே உளது. அதனைத் தேடி வெள்ளியங்காட்டுப் பக்கத்திலுள்ள அமுச்சியின் உறவினரைக் காணச் செல்லவிருக்கின்றோம். அமுச்சியும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.