டி.எஸ்.எச். ஏறினால் டோஸும் ஏறணுமா?

ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 8.6. பக்கத்தில் ‘நார்மல் 0.4 முதல் 4 வரை’. எட்டிப் பார்த்த என் மாமியார், “தைராய்டு அதிகமாயிடுச்சா?” என்றார். விஷயம் நேர் எதிர். டி.எஸ்.எச்.சைச் சுரப்பது தைராய்டு அல்ல; மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வருஷம் விவசாயிகளின் சத்தம் கூடுமே, அதுபோல ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய இது ஏறும்.

அதனால் கூடவே அந்த ஹார்மோனின் அளவைச் சொல்லும் ஃப்ரீ டி4-ஐயும் பாருங்கள். அதுவும் குறைந்திருந்தால் மாத்திரை வேண்டும். அது சரியாக இருந்து, டி.எஸ்.எச். மட்டும் 10-க்குள் நின்றால் பெரும்பாலும் அவசரமில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தானாக இறங்கியிருப்பதும் உண்டு. வயதானவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நான் ஏற்கெனவே தைராக்சின் மாத்திரை 50 மைக்ரோகிராம் சாப்பிட்டு வந்தேன். ஒரு கிளினிக்கில் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து 75 எழுதிக் கொடுத்தார்கள். அதை வாங்குவதற்குள் வேறொரு டாக்டரைப் பார்க்க நேர்ந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: “காபி எப்பம்மா குடிக்கிறீங்க?”

கும்பகோணத்துக்காரியிடம் கேட்கிற கேள்வியா! மாத்திரை தொண்டையில் இறங்குமுன் டிகிரி காபி வந்துவிடும் வீடு எங்களுடையது. இட்லியோடு கால்சியம் மாத்திரை வேறு. காபி, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை மூன்றுமே தைராக்சினைக் குடலில் சரியாகச் சேரவிடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி, கால்சியமும் இரும்பும் நாலு மணி நேரம் தள்ளி. அதே 50-இல் அடுத்த ரிப்போர்ட் 3.1. டோஸையோ பிராண்டையோ மாற்றினால், ஆறு வாரத்துக்கு முன் சோதிப்பது காசுக்குக் கேடு. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். அதனால் அளவு நிலைப்பட அந்த ஆறு வாரம் ஆகும்.

எங்கள் வயலுக்கு நடவுக்கு வரும் அக்காவுக்கு இந்தக் காலைக் கணக்கு ஒத்துவராது. விடியுமுன் டீயைக் குடித்துவிட்டு ஓட வேண்டும். டாக்டரிடம் கேட்டு, இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போட்டுக்கொள்கிறார். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டி ஏமாற்றும். சோதனைக்கு இரண்டு நாளாவது முன்பு நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள். டி.எஸ்.எச். மதியத்தில் இறங்கும் என்பதால், எப்போதும் காலையில், அன்றைய மாத்திரைக்கு முன், ஒரே லேபில் ரத்தம் கொடுப்பது நல்லது. ஐப்பசி அடைமழையில் மாத்திரை ஈரம் குடித்துவிடும்; அதன் பாட்டிலிலேயே இருக்கட்டும்.

உப்பு பற்றி உறவுகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006 முதல் தடை இருக்கிறது. வேதாரண்யம் கல்லுப்பு வாங்கினால் அயோடின் சேர்த்ததா என்று கேளுங்கள். ஆனால் ரத்தச் சோதனையில் ஆன்டி டி.பி.ஓ. பாசிட்டிவ் என்றால், நம் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது என்று பொருள். அதற்கு அயோடினைக் கூட்டிப் பயனில்லை. கடல்பாசி மாத்திரை விற்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.