பாறையில் எழுதாத ஆண்டு

கெங்கவல்லி

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. விடுதியில் செல்போன் கூடாது என்று வைத்திருப்பதால் எனக்கு ஒரு நன்மை, பேத்தியின் கையெழுத்தைப் பார்க்க முடிகிறது. இங்கே எல்லோரும் நலம். மரவள்ளிக்கு இரண்டாம் களை எடுத்தாயிற்று. சுவேத நதியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடுகிறது.

நீ கேட்ட கேள்வியை நான்கு நாளாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 'கலிங்கப் போர் பொ.ஆ.மு. 261 என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஆண்டுக்கு 261 என்று பெயர் என்பது அசோகருக்கே தெரியாதே தாத்தா, பிறகு யார் கண்டுபிடித்தார்கள்?' இதை நான் படிக்கும்போது கேட்டிருக்க வேண்டும். ஆண்டுகளை மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு வந்துவிட்டேன். நீ கேட்டுவிட்டாய். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அசோகர் தன் ஆணைகளைப் பாறைகளில் வெட்டி வைத்தார். குஜராத்தில் கிர்நார், இமயத்தின் அடிவாரத்தில் கால்சி, இன்றைய பாகிஸ்தானில் ஷாபாஸ்கர்ஹி, நமக்குக் கிட்டத்தில் என்றால் ஆந்திரத்து எர்ரகுடி. அவற்றில் எங்கு தேடினாலும் நம் கணக்கில் ஓர் ஆண்டு கிடைக்காது. 'நான் முடிசூடி இத்தனை ஆண்டில்' என்றுதான் இருக்கும். கலிங்கத்தை வென்றது முடிசூடி எட்டு ஆண்டு ஆனபோது என்கிறது பதின்மூன்றாம் பாறை ஆணை. ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் ஊரைவிட்டுக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று சொல்லி, வென்ற அரசனே அதற்காக வருந்துகிறான். கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் இந்த ஆணையை வெட்டவில்லை. அடிபட்டவர்களின் ஊரில் அந்தக் கணக்கை எழுதி வைக்க மனம் வரவில்லை போலும்.

சரி, எட்டாம் ஆண்டு. முடிசூடியது எப்போது? அதைத் தெரிந்துகொள்ள அசோகரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, அக்கம்பக்கம் பார்க்க வேண்டும். 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர் பிராமி எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே கிர்நார் ஆணைகளில் கிரேக்க அரசர்களின் பெயர்கள் பிராகிருத உருவில் இருப்பதைக் கண்டார். பதின்மூன்றாம் ஆணையில் ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள்: அந்தியோகன், துரமாயன், அந்திகினி, மகன், அலிகசுந்தரன். சிரியா முதல் ஈரான் வரை ஆண்ட இரண்டாம் ஆண்டியோகஸ், எகிப்தின் இரண்டாம் தாலமி, மாசிடோனியாவின் ஆன்டிகோனஸ், இன்றைய லிபியாவில் இருந்த சைரீனியின் மாகஸ், அலெக்சாந்தர் என்ற ஒருவர். இந்த அலெக்சாந்தர் உலகை வெல்லப் புறப்பட்டவர் இல்லை, அவர் இறந்து அப்போது அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கிரேக்கத்தின் மேற்கே எபிரஸ் என்ற நாட்டை ஆண்டவர் இவர் என்பது அறிஞர் பலர் முடிவு.

இனிமேல் இது உன் கணக்குப் பாடம். ஐவரும் உயிரோடு ஆண்டுகொண்டிருந்த காலத்தில்தான் இவர்களைப் பற்றிய செய்தி அசோகரின் தலைநகரான பாடலிபுத்திரத்துக்கு வந்திருக்க முடியும். ஆண்டியோகஸ் பட்டத்துக்கு வந்தது 261-இல். எபிரஸ் அலெக்சாந்தரின் ஆட்சி ஏறத்தாழ 255-இல் முடிகிறது. மாகஸ் இறந்தது 250-ஐ ஒட்டி. ஆக, 261-க்கும் 255-க்கும் இடையில் ஒரு சின்னச் சந்து. அதற்குள் இந்த ஆணை நுழைந்தாக வேண்டும். அசோகரோ ஆணைகளை வெட்டத் தொடங்கியது முடிசூடிப் பன்னிரண்டாம் ஆண்டு என்கிறார், பதின்மூன்றாம் ஆண்டில் தர்ம அதிகாரிகளை நியமித்ததையும் சொல்கிறார். ஆகவே ஐவர் பெயர் வெட்டப்பட்டது 256 வாக்கில் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால், முடிசூடியது 269 அல்லது 268. அதில் எட்டைக் கழி. உன் புத்தகத்தின் 261 வந்துவிடும். ஓராண்டு முன்னேபின்னே இருக்கலாம். பழைய இந்திய வரலாற்றின் ஆண்டுகளுக்குப் பிடிப்பாக இருப்பவற்றுள் முக்கியமானவை இந்த ஐந்து பெயர்கள்தான். அயல்நாட்டு அரசர்களின் ஆயுளை வைத்து நம் அரசனின் ஆண்டைக் கண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், வரலாற்றை மேலிருந்து கீழாக மட்டும் படிக்காதே. ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு குறுக்கே நட. 256-ஐயே எடுத்துக்கொள்வோம்.

ஆண்டியோகஸும் தாலமியும் அந்த ஆண்டு ஒருவரோடு ஒருவர் போரில் இருந்தார்கள். அங்கெல்லாம் தர்மம் பரவியிருக்கிறது என்று இங்கே பாறையில் வெட்டிக்கொண்டிருந்தபோது அங்கே படைகள் மோதிக்கொண்டிருந்தன. மத்தியதரைக் கடலில் ரோமும் கார்த்தேஜும் சிசிலிக்குத் தெற்கே எக்னோமஸ் முனையில் மோதின. ரோமானியர் பக்கம் மட்டும் 330 கப்பல் என்று எழுதுகிறார் பாலிபியஸ். வென்ற ரோமானியத் தளபதி ரெகுலஸ் ஆப்பிரிக்காவில் இறங்கினார், அடுத்த ஆண்டே அங்கு தோற்றுச் சிறைப்பட்டார்.

போர்களை விடு. அந்த ஆண்டிலிருந்து எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கடிதம். எகிப்தில் பாப்பிரஸ் தாளில் எழுதியது, வறண்ட மண்ணில் புதைந்து கிடந்ததால் கெடாமல் கிடைத்தது. தாலமியின் நிதி அமைச்சர் அப்போலோனியஸுக்கு ஃபயூம் என்ற பகுதியில் அரசன் கொடுத்த பெரிய பண்ணை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஜெனோன் என்ற காரியஸ்தர். 256-ஆம் ஆண்டு டிசம்பர் கடைசியில் அமைச்சர் அவருக்கு எழுதுகிறார்: நிலத்தில் இருபோகம் எடுக்க வேண்டும் என்பது அரசன் ஆணை, முதல் போகத்தை அறுத்த உடனே நிலத்துக்குத் தண்ணீர் இறை, கையால் ஆகவில்லை என்றால் இன்னும் ஏற்றங்களைப் போடு, ஐந்து நாளுக்கு மேல் தண்ணீரைத் தேக்கி வைக்காதே, காய்ந்ததும் மூன்று மாதக் கோதுமையை விதை. கண்ணு, ஏற்றம்! என் அப்பா நம் கிணற்றில் மிதித்த ஏற்றம். கரண்ட் மோட்டார் வருவதற்கு முன் இந்தச் சீமையில் எத்தனை பேர் அந்த மரத்தில் ஏறி இறங்கியிருப்பார்கள். ஒரு போகம் முடிந்த கையோடு அடுத்ததற்கு விரட்டும் அந்தக் குரலைப் படித்தபோது, இரண்டாயிரத்து இருநூறு ஆண்டு தூரம் எனக்குக் காணாமல் போனது.

சீனத்துக்குப் போ. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு இருந்த சௌ அரச மரபு அதே 256-இல் சின் நாட்டுப் படையால் முடிந்தது. முப்பத்தைந்து ஆண்டு கழித்துச் சீனம் முழுவதையும் ஒன்றாக்கியது இந்தச் சின் நாடுதான். ஆனால் இதைவிடப் பெரிய காரியம் என்று நான் நினைப்பது, இந்த ஆண்டுகளை ஒட்டி அதே நாட்டின் ஆளுநர் லி பிங் மின் ஆற்றில் தொடங்கியது. அணை கட்டி ஆற்றை மறிக்காமல், மூங்கில் கூடைகளில் கல்லை நிரப்பி அடுக்கி, ஆற்றை இரண்டாகப் பிரித்தார். குறுக்கே நின்ற மலையில் நெருப்பு மூட்டிப் பாறையைச் சுடவைத்து, தண்ணீர் ஊற்றி வெடிக்க வைத்து, வாய்க்காலுக்கு வழி உடைத்தார். வெடிமருந்து இல்லாத காலம் அது. துஜியாங்யான் என்று பெயர். செங்டூ சமவெளி வயல்களுக்கு இன்றும் அதில்தான் தண்ணீர் பாய்கிறது. அசோகரின் பாறையில் சீனமும் இல்லை, ரோமும் இல்லை. அவருக்கு எட்டிய உலகம் அதுவரைதான்.

அந்த உலகத்தில் நாம் இருக்கிறோமா? இருக்கிறோம். இரண்டாம் பாறை ஆணையில் மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவம் ஏற்படுத்தியதையும், மூலிகை நட்டதையும், வழியில் கிணறு வெட்டியதையும் சொல்லும்போது, தன் ஆட்சிக்கு வெளியே உள்ளவர்களாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை, அதன்பின் ஆண்டியோகஸ் என்று வரிசை வருகிறது. கிரேக்கர்களை ஆள்பெயரால் சொன்னவர், நம்மவரைக் குடிப்பெயரால் சொல்கிறார்.

சோழர், பாண்டியர், சேரர் தெரியும். சத்தியபுத்திரர் யார்? நீண்ட காலம் அறிஞர்கள் காஞ்சிபுரம் என்றார்கள், சத்தியமங்கலம் என்றார்கள், வட கேரளம் என்றார்கள். விடை நமக்குப் பக்கத்தில் இருந்தது. 1981-இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பை என்ற ஊரின் பாறைக் குகையில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் கண்டார்கள். ஒரே வரி. அந்தக் குகை உறைவிடத்தைக் கொடுத்தவர் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான் என்று உனக்குக் கதை சொல்லியிருக்கிறேனே, தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, அவன் பெயர்!

பெயரையே பிரித்துப் பார். வடக்கில் 'சத்திய' என்று எழுதியது தமிழில் முதல் மெய்யொலி போய் 'அதிய'. புத்திரன் என்றால் மகன், மகன் சுருங்கி மான். சத்தியபுத்திரன், அதியமான். அதே கணக்கில் கேரளபுத்திரன், சேரமான்.

ஜம்பைக் கல்வெட்டு அசோகர் காலத்தது இல்லை. பொது ஆண்டு முதல் நூற்றாண்டு என்று கணித்தார் ஐராவதம் மகாதேவன். அப்படியானால் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்தும் அந்தக் குடி அதே பட்டத்தைத் தாங்கி நின்றிருக்கிறது. தகடூர் என்றால் இன்றைய தருமபுரி, சேலம் தாண்டினால் வந்துவிடும். நம் மொட்டை மாடியிலிருந்து தென்மேற்கே தெரிகிறதே கொல்லிமலை, அதன் தலைவன் ஓரியையும் அதியமானையும் புலவர்கள் கடையெழு வள்ளல்களாகச் சேர்த்தே பாடினார்கள். தாலமியையும் ஆண்டியோகஸையும் எழுதிய அதே பாறைகளில் நம் பக்கத்துச் சீமைக்காரர்கள் குடிப்பெயர் இருக்கிறது. இதை உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்.

ஒரு வேலை தருகிறேன். நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே 256 என்று எழுதி, இடமிருந்து வலமாக ரோம், எகிப்து, சிரியா, பாடலிபுத்திரம், தகடூர், சீனம் என்று கோடு போட்டு, நான் சொன்னதை நிரப்பு. பிறகு வேறோர் ஆண்டை நீயே தேர்ந்தெடுத்து நூலகத்தில் தேடு.

அரையாண்டு விடுமுறைக்கு வருவதற்குள் தமிழ்ப் பிராமி எழுத்துகளை எழுதிப் பழகிவிட்டு வா. ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர் என்று பஸ் மாறினால் ஜம்பைக்குப் போய்விடலாம். அந்த ஒரு வரியை நீதான் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

உன்
தாத்தா