மோட்டரின் தகட்டை வாசிப்போம்

1991 இல் புங்குடுதீவை விட்டு வெளியேறிய குடும்பங்களில் ஊர் திரும்பியவர்கள், பற்றை வெட்டிக் கிணற்றைத் துப்புரவு செய்ததும் வாங்க நினைப்பது நீர் இறைக்கும் மோட்டரைத்தான். கடையில் கேட்பதோ, "நல்ல பவரான ஒன்று தாருங்கோ" என்பதே. வேறு ஊரில் இதனால் காசு மட்டும் வீணாகும். தீவில் கிணறே கெட்டுவிடும்.

ஏன்? தீவின் நிலத்துக்குள் மழைநீர், பாரம் கூடிய உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி நிரந்தரமாக இறங்கினால் உவர்நீர் கீழிருந்து 40 அடி ஏறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதர் களைத்தார்கள், கிணறும் ஆறியது. மோட்டர் களைப்பதில்லை.

ஆகவே மோட்டரில் ஒட்டியுள்ள தகட்டைப் பாருங்கள். முதலில் வலு. ஒரு குதிரை வலு என்பது 746 வாற்று. தகட்டில் "பி 1" என்றிருந்தால் அது மோட்டர் மின்சாரத்திலிருந்து எடுக்கும் வலு. "பி 2" என்பது தண்டில் கொடுக்கும் வலு. வேலை செய்வது இதுவே. சில கடைக்காரர் பெரிய எண்ணையே சொல்லி விற்பார்கள்.

எவ்வளவு வேண்டும்? செக்கனுக்கு ஒரு லீற்றர் நீரை 5 மீற்றர் உயர்த்த 49 வாற்று போதும். சிறிய பம்பில் மூன்றில் இரண்டு பங்கு வீணாகிறது என்று வைத்தாலும் 150 வாற்றுக்கு மேல் வேண்டாம். அரைக் குதிரை வலு மோட்டர் 373 வாற்று தரும். மணிக்கு 3,600 லீற்றர்! ஆழம் குறைந்த கிணற்றுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் இது தாராளம். இன்னொன்று: தகட்டில் உள்ள அதிகூடிய உயரமும் அதிகூடிய நீரளவும் ஒருசேரக் கிடைப்பதில்லை. அந்த உச்ச உயரத்தில் குழாயில் நீரே வராது.

அடுத்தது வோல்ற்றும் ஹேட்ஸும். இலங்கையில் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ். சுவிஸ், பிரான்ஸ் உறவினர் கொண்டுவரும் மோட்டர் இதற்குப் பொருந்தும். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஹேட்ஸ். அங்கிருந்து வந்ததை நேராகக் கொழுவினால் கொயில் எரியும். ட்ரான்ஸ்போமர் வைத்தால் வோல்ற்று சரியாகும், ஹேட்ஸ் மாறாது. மோட்டர் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுற்றிச் சூடாகும். அன்பளிப்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் அனுப்ப முன் தகட்டின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அம்பியர் எண்ணைக் குறித்து வையுங்கள். கம்பி வரிசையின் கடைசி வீடுகளில் வோல்ற்று குறையும்போது, மோட்டர் அதே வேலைக்குக் கூடிய அம்பியர் இழுக்கும். அந்த எண்ணுக்குச் சரிசெய்த பாதுகாப்பு ஆளி ஒன்று கொயிலைக் காக்கும். "ஐ.பி." என்பதன் பின்னுள்ள இரண்டாம் இலக்கம் நீர்த்தடுப்பைக் குறிக்கும், 44 ஐ விட 55 நல்லது. உப்புக் காற்றுக்கு எப்படியும் ஒரு கூரை போடத்தான் வேண்டும்.

செக்கு ஓட்ட, பாரம் தூக்க நினைப்பவர்களுக்குப் பற்சில்லுப் பெட்டி தேவை. மோட்டர் நிமிடத்துக்கு 1,440 சுற்று, பெட்டியில் 60 என்று விகிதம் இருந்தால், வெளித்தண்டு 24 சுற்றுச் சுற்றும். வேகம் குறைந்த அளவுக்கு முறுக்கம் கூடும், உராய்வில் போவது நீங்கலாக. சைக்கிளில் ஏற்றம் ஏறக் கியர் மாற்றுவது போலத்தான், வலு கூடுவதில்லை. பெட்டித் தகட்டில் "நியூற்றன் மீற்றர்" என்றுள்ள எண் அதன் பல் தாங்கும் எல்லை. அதை மீறினால் மோட்டர் நன்றாயிருக்கும், பல்தான் உடையும்.

கடைக்குப் போக முன், கோடை முடிவில் கிணற்று நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது, தொட்டி எத்தனை அடி உயரம் என்று கயிறு விட்டு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மோட்டர் பூட்டிய பின் முதற் கிழமை அரை மணிக்கு ஒரு தரம் நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்த்தால் உடனே நிறுத்தி, மறுநாள் வரை கிணற்றை ஊறவிடுங்கள்.