செய்தி எழுதுவோருக்குச் சில இணையக் குறிப்புகள்

நற்பிட்டிமுனை, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று அம்பாறை மாவட்டக் கரை நெடுகிலும் இப்போது வீதிக்கொரு செய்தித் தளம், குறிச்சிக்கொரு வட்ஸ்அப் குழு. கொழும்புப் பத்திரிகைகளுக்கு எழுதும் பிரதேச நிருபருக்கோ அலுவலகமும் கிடையாது, கைக்கெட்டும் ஆவணக் காப்பகமும் கிடையாது. எல்லாம் கைபேசிதான். பயிற்சிப் பட்டறைகளுக்குப் போனால் நூறு செயலிகளின் பட்டியலைக் கையில் தருவார்கள். அதில் பெரும்பாலானவை நம் வேலைக்கு உதவுவதில்லை. காசு கேட்காதவற்றையும், நம் ஊர்ச் செய்திக்கு நேரடியாகப் பயன்படுபவற்றையும் மட்டும் இங்கே தருகிறேன்.

1. யாராவது "வர்த்தமானி வந்துவிட்டது" என்றால் முதலில் இலக்கத்தைக் கேளுங்கள். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் 'டொக்கியுமன்ட்ஸ் டொட் ஜிஓவி டொட் எல்கே' தளத்தில் வெள்ளிக்கிழமை வர்த்தமானி, அதிவிசேட வர்த்தமானி, சட்டமூலங்கள் எல்லாம் மூன்று மொழிகளிலும் கிடைக்கின்றன. அதிவிசேட வர்த்தமானியின் இலக்கத்தில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது அந்த வாரத்தின் எண், பின்னால் இருப்பது அந்த வாரத்துக்குள் வந்த வரிசை எண். இது தெரிந்தால் போலிப் படத்தில் உள்ள திகதியும் இலக்கமும் பொருந்தாததைப் பார்த்த உடனே பிடிக்கலாம். உள்ளூராட்சி எல்லைகளைப் பற்றி எழுதுவோருக்கு இது மிக முக்கியம். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று அதிவிசேட வர்த்தமானி வந்தது. ஊரில் வெடி கொளுத்தினார்கள். சில நாட்களுக்குள் அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது. வெளியான அறிவித்தலும் உண்மை, நிறுத்தியதும் உண்மை. இரண்டுக்கும் திகதி போடாமல் எழுதப்பட்ட செய்திகள்தான் இன்றைக்கும் தேடலில் வந்து வாசகரைக் குழப்புகின்றன.

2. பார்த்த பக்கத்தை அப்போதே சேமியுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் 'வேபேக் மெஷின்' 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேர்த்துவைக்கிறது. அரச தளம், அரசியல்வாதியின் அறிக்கை, நாளைக்குக் காணாமல் போகக்கூடிய எதுவாயினும் அதன் முகவரியை 'சேவ் பேஜ் நவ்' பெட்டியில் ஒட்டினால் திகதியோடும் நேரத்தோடும் பிரதி நிற்கும். முகநூல் பதிவுகளை அது ஒழுங்காகப் பிடிப்பதில்லை. அவற்றுக்குத் திரைப்பிடிப்புதான். மேலே நேரம், பக்கத்தின் பெயர், பதிவு முழுவதும் தெரிய எடுங்கள், வெட்டி எடுக்காதீர்கள்.

3. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நம் பக்கத்தில் இன்னும் சரியாகப் பயன்படுத்தத் தொடங்கவில்லை என்பது என் அபிப்பிராயம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது, 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. மாநகர சபை, பிரதேச செயலகம், வைத்தியசாலை, வலயக் கல்வி அலுவலகம் எதுவானாலும் அங்கு ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணித்தியாலம். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவரவில்லை என்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் விசயம் இருக்கிறது. "நற்பிட்டிமுனை வடிகான் வேலையில் என்ன ஊழல் நடந்தது?" என்று கேட்டால் பதில் வராது. "இன்ன வீதி வடிகானுக்கு இன்ன ஆண்டில் ஒதுக்கிய தொகை, ஒப்பந்தக்காரர் பெயர், கொடுப்பனவு வவுச்சர்களின் பிரதி" என்று பத்திரத்தைக் கேளுங்கள். கையளித்த திகதியும் முத்திரையும் உள்ள பற்றுச்சீட்டை வாங்கிப் படம் பிடித்துவையுங்கள். அது இல்லாமல் மேன்முறையீட்டில் நாள் கணக்குக் காட்ட முடியாது.

4. "பாராளுமன்றத்தில் இதைப்பற்றி நான் பேசினேன்" என்று உறுப்பினர் சொன்னால் ஹன்சார்டைத் திறந்து பாருங்கள். பாராளுமன்றத் தளத்தில் இருக்கிறது. எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகும் என்பதால், தமிழ் உரையைத் தமிழிலேயே எடுத்தாளலாம். மொழிபெயர்த்துக் கெடுக்கத் தேவையில்லை. யார் எதைப்பற்றி எவ்வளவு பேசுகிறார் என்பதற்கு வெரிட்டே ரிசர்ச் நிறுவனத்தின் 'மந்திரி டொட் எல்கே' தளமும் உதவும்.

5. தேர்தல் ஆணைக்குழுவின் தளத்தில் முடிவுகளைத் தேடும்போது நம் மாவட்டத்தின் பெயர் திகாமடுல்ல. அம்பாறை என்று தேடினால் அம்பாறைத் தொகுதியின் எண்கள் மட்டும் வரும். கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் மூன்றும் அதற்குள் இல்லை. வெளியூர் ஆசிரியர் பீடங்கள் இந்த இடத்தில் வழுக்கி விழுவதைக் காணலாம்.

6. படத்தை நம்புவதற்கு முன் கூகுள் லென்ஸில் ஒரு தரம், டின்ஐயில் ஒரு தரம், யான்டெக்ஸில் ஒரு தரம் போடுங்கள். ஒன்றில் அகப்படாதது மற்றதில் அகப்படும். டின்ஐயில் 'மிகப் பழையது' என்று வரிசைப்படுத்தலாம். வெள்ளக் காலத்தில் சென்னையிலும் கேரளத்திலும் எடுத்த படங்கள் கல்முனைப் படமாக வந்து நிற்கும், அவற்றைப் பிடிக்க இதுவே போதும். காணொளியானால் இன்விட் என்ற இலவச நீட்டிப்பு அதைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும், அதைக் கணினியில் வைத்துக்கொள்வது வசதி. பரவும் கதை ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று ஃபக்ட் கிரசெண்டோ இலங்கையின் தமிழ்ப் பக்கத்தையும் ஏஎப்பியின் சரிபார்ப்புப் பக்கத்தையும் பாருங்கள்.

7. ஆனால் படம் உண்மையாக இருந்து, கதை பொய்யாக இருந்தால் எந்தக் கருவியும் உதவாது. இதற்கு நம் மாவட்டமே சாட்சி. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், உணவில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று தகராறு கிளம்பியது. சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரரைச் சூழ்ந்து நின்று கேள்வி கேட்டு, அவர் தடுமாறிச் சொன்ன பதிலைப் படம் பிடித்து முகநூலில் விட்டார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஒரு வாரத்துக்குள் கண்டி, திகன பற்றியெரிந்தது. உணவில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பிறகு சொன்னது. அந்த ஆண்டு வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

அந்தக் காணொளியைத் தேடுபொறியில் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? அம்பாறையில், அன்றைக்கு எடுத்தது என்றுதான் வந்திருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அப்படி ஒரு மாத்திரை உலகத்தில் இருக்கிறதா? அதற்கு ஒரு வைத்தியருக்கு எடுக்கும் தொலைபேசி அழைப்புப் போதும். ஆகவே ஆசிரியர் மேசையில் இருப்பவர் கைபேசியில் முதலில் இருக்க வேண்டியது செயலிகள் அல்ல, நள்ளிரவிலும் எடுக்கக்கூடிய ஒரு வைத்தியர், ஒரு சட்டத்தரணி, ஒரு மௌலவி, சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் ஆகியோரின் இலக்கங்கள்.

8. பிறை பார்க்கும் இரவில் கடிதத் தலைப்போடு போலி அறிவித்தல்கள் வரும். கொழும்புப் பெரிய பள்ளிவாசல், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஆகியவற்றின் அதிகாரபூர்வப் பக்கங்களில் வரும்வரை பொறுங்கள். யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்து முதல் ஆளாகப் போட்டுவிட்டு, பிறகு அழிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

9. ஹிஜ்ரித் திகதி மாற்றித் தரும் தளங்கள் பல சவூதியின் உம்முல் குறா நாட்காட்டியைப் பின்பற்றுபவை. நம் நாட்டுப் பிறையோடு ஒரு நாள் வித்தியாசம் வரலாம். நினைவு தினக் கட்டுரைக்கும் பெருநாள் மலருக்கும் உள்நாட்டு நாட்காட்டியைப் பாருங்கள்.

10. மழைக்காலம் தொடங்கும்போதே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பக்கத்தைக் கைபேசி முகப்பில் வைத்துவிடுங்கள். பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கை, நீர்ப்பாசனத் திணைக்களம் தரும் ஆற்று நீர்மட்டம் இரண்டும் அங்கே வருகின்றன. அவசர இலக்கம் 117. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும் நாளில் "சேனாநாயக்க சமுத்திரத்தின் கதவைத் திறந்துவிட்டார்களாம்" என்று ஒரு செய்தி வந்தால், பகிரும் முன் அந்தப் பக்கத்தில் பாருங்கள், அல்லது நீர்ப்பாசன அலுவலகத்துக்கு எடுங்கள்.

எந்த எண்ணிக்கைக்கும் பக்கத்தில் நேரம் போடுங்கள். 2024 நவம்பர் 26 காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டபோது, எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள் என்பது மணிக்கு மணி மாறியது. தேடுதல் நாட்கணக்கில் நீண்டது. "மாலை 6.30 வரை கிடைத்த தகவல், பொலிஸ்" என்று ஒரு வரி இருந்தால் வெளிநாட்டில் இருந்து பதறிக்கொண்டு பார்க்கும் வாப்பாவுக்குப் பழைய எண் எது, புதிய எண் எது என்று தெரியும்.

11. கடலரிப்புப் பற்றி எழுதுவோர் கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களைப் பாருங்கள். ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டதற்கு முன்னும் பின்னும் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளை அடுத்தடுத்து வைத்தால் நூறு வரியில் எழுதுவது ஒரு பார்வையில் தெரியும். வெள்ளத்தில் மூழ்கிய வயல்களுக்குக் கொப்பர்னிகஸ் பிரவுசர். சென்டினல்–2 சுமார் 5 நாளைக்கு ஒருமுறை படம் எடுக்கும், ஆனால் மாரியில் முகில் மறைத்துவிடும். அப்போது சென்டினல்–1இன் ரேடார் படத்துக்கு மாறுங்கள். அது முகிலை ஊடுருவும், தண்ணீர் கறுப்பாகத் தெரியும்.

12. பாமினியும் யூனிகோடும். அச்சுப் பத்திரிகை பாமினி எழுத்துருவில் கேட்கும், இணையத்தளம் யூனிகோடில் கேட்கும். மாற்றித் தரும் இலவசக் கருவிகளில் சுரதாவும் என்எச்எம் மாற்றியும் பலரும் அறிந்தவை. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், கட்டுரைக்குள் உள்ள ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் மாற்றும்போது அர்த்தமற்ற தமிழாகிவிடும். அவற்றை முதலில் வெட்டி வேறாக வையுங்கள். பிடிஎப்பில் இருந்து பிரதி எடுத்தால் குப்பையாக வருகிறதா? அது பாமினி போன்ற எழுத்துருவாக இருக்கலாம். திரைப்பிடிப்பு எடுத்துக் கூகுள் லென்ஸில் காட்டுங்கள், எழுத்தாக எடுத்துத் தரும். பிறகு ண, ன, ந மூன்றையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

13. நீண்ட பேட்டியைக் கேட்டுக் கேட்டுத் தட்டுவதற்குப் பதிலாக, கூகுள் விசைப்பலகையின் ஒலிவாங்கியை அழுத்தி நீங்களே திருப்பிச் சொல்லுங்கள். மொழியில் 'தமிழ் (இலங்கை)' என்பதைத் தெரிவுசெய்தால் நம் உச்சரிப்புக்குக் கொஞ்சம் ஒத்துவரும்.

14. சிங்களத்தில் மட்டும் வரும் சுற்றறிக்கையைக் கூகுளில் மொழிபெயர்த்து விசயத்தை விளங்கிக்கொள்ளலாம். செய்தியாகப் போடக் கூடாது. எதிர்மறை வினை, பதவிப் பெயர், திகதி வரம்பு மூன்றிலும் அது தடுமாறும்.

15. பிழை பார்க்க 'வாணி' எழுத்துப்பிழை திருத்தி, ஒற்று மிகுமா என்று பார்க்க 'நாவி' சந்திப்பிழை திருத்தி. இரண்டும் நீச்சல்காரன் உருவாக்கியவை, இலவசம். ஊர்ப் பெயர்களையும் நம் ஆட்களின் பெயர்களையும் அவை சிவப்பாகக் காட்டும், அதைக் கேட்டு மாற்றிவிடாதீர்கள். றமீஸ் என்று எழுதுபவரை ரமீஸ் ஆக்கினால் காக்கா நேரே வீட்டுக்கு வருவார். பெயரை அவரிடமே எழுதி வாங்குங்கள். பாராளுமன்ற உறுப்பினர்களுக்குப் பாராளுமன்றத் தளத்தின் தமிழ்ப் பக்கம் இருக்கிறது. தேடும்போது மட்டும் எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேடுங்கள். நற்பிட்டிமுனையையே ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுகிறார்கள்.

16. பழைய பத்திரிகை, சஞ்சிகை, மலர், பிரசுரம் எதற்கும் முதலில் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம். 2005இல் தொடங்கியது. முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் 2000 செப்டெம்பர் 16 அன்று அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்ததைப் பற்றி ஆண்டுதோறும் எழுதுகிறோம், பெரும்பாலும் போன வருடக் கட்டுரையைப் பார்த்து. அக்காலத்து இதழ்களைத் தேடிப் பார்த்தால் புதிதாக ஏதாவது அகப்படும்.

17. மத்திய வங்கி நாளாந்த விலை அறிக்கை வெளியிடுகிறது. அதில் இருப்பது புறக்கோட்டை, தம்புள்ளை போன்ற சந்தைகளின் விலை. கல்முனைச் சந்தையில் தேங்காய் என்ன விலை என்பதைச் சந்தைக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.

18. பத்திரிகைக்குப் படம் அனுப்பும்போது வட்ஸ்அப்பில் 'டொக்கியுமன்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, அச்சில் மங்கிவிடும். ஆனால் டொக்கியுமன்டாகப் போகும் படத்துக்குள் எடுத்த நேரமும், கமெராவில் இடக்குறிப்பு இயங்கியிருந்தால் எடுத்த இடமும் சேர்ந்தே போகும். ஆசிரியருக்கு அது நல்லது, சரிபார்க்கலாம். தகவல் தந்தவரின் வீட்டுக்குள் எடுத்த படமானால் இடக்குறிப்பை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

19. வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு இலக்கத்தை இன்றைக்கே போடுங்கள். ஆறு இலக்கக் குறியீடு கேட்டு யார் எழுதினாலும், உங்கள் ஆசிரியரின் பெயரிலேயே வந்தாலும், கொடுக்க வேண்டாம். அவருக்கு எடுத்துக் கேளுங்கள்.