சரக்கைப் படம் எடுக்கிறோமா? கேமராவை முதலில் சரி செய்வோம்

2019-ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில், குண்டூரிலிருந்து எங்கள் மண்டிக்கு வற்றல் மிளகாய் லோடு ஒன்று வந்தது. மொத்தம் 40 மூட்டை. இரவு 10 மணிக்கு லாரி வந்து நின்றபோதே தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது தெரிந்தது. இறக்கிப் பார்த்ததில் 11 மூட்டை நனைந்திருந்தது. அதில் மூன்று மூட்டையில் பூசணமே பிடிக்கத் தொடங்கியிருந்தது. கடையில் ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா இருந்தது. பையனை விட்டு 30 படங்களுக்குக் குறையாமல் எடுக்கச் சொன்னோம். மறுநாளே நஷ்ட ஈடு கேட்டு எழுதினோம்.

பதில் வந்தபோதுதான் படங்களை நாங்களே உற்றுப் பார்த்தோம். எல்லாப் படத்தின் மூலையிலும் 1-1-2015 என்று தேதி விழுந்திருந்தது. பூசணத்தைக் கிட்டத்தில் எடுத்த படங்கள் அத்தனையும் மங்கல். பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்புக் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே தவிர மிளகாய் தெரியவில்லை. ரூ.50,000-க்கு மேல் கேட்ட இடத்தில், எட்டு மாதம் நடந்த பிறகு ரூ.18,000 வந்தது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாங்கள் கொடுத்த படத்தை வைத்துக்கொண்டு அதற்கு மேல் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த நஷ்டத்துக்குப் பிறகு கேமராவோடு வந்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகப் பழகினோம். அப்படித் தெரிந்துகொண்டவற்றை மளிகை, மண்டி வியாபாரிகளின் வேலைக்குப் பொருந்தும் அளவில் இங்கே சொல்கிறோம். பல கடைகளில் தனிக் கேமரா போய்ச் செல்போன்தான் கேமரா என்றாகிவிட்டது. தேதி நீங்கலாக, இங்கே சொல்வதில் பெரும்பகுதி போனுக்கும் பொருந்தும். போன் தேதியை நெட்வொர்க்கிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது.

முதலில் தேதி. கேமராவின் உள்ளே கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பேட்டரி உண்டு. பெரிய பேட்டரியிலிருந்துதான் அது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பெரிய பேட்டரியைக் கழற்றி மேஜை அறையில் பல நாள் போட்டுவிட்டால் சின்னதும் தீர்ந்து, கடிகாரம் கம்பெனி வைத்த தேதிக்கே போய்விடும். மறுபடி போடும்போது திரையில் தேதி கேட்கும். அவசரத்தில் நாம் ஓ.கே.யை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். தவறு நடப்பது அங்கேதான். இன்னும் இரண்டு தவறுகள் உண்டு. 12 மணி நேரக் கணக்கில் ஏ.எம்., பி.எம். மாற்றி வைத்துவிடுவது ஒன்று. இரவு பத்துக்கு இறக்கிய சரக்கு காலை பத்துக்கு இறக்கியதாகக் காட்டும். 2018-இல் இ-வே பில் வந்த பிறகு லாரி எப்போது புறப்பட்டது என்பது பதிவாகியிருக்கிறது. படத்தின் நேரம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் மற்ற உண்மைகளையும் சந்தேகிப்பார்கள். மற்றொன்று நாள், மாத வரிசை. 05-11 என்றால் நவம்பர் ஐந்தா, மே பதினொன்றா? ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை மெனுவில் தேர்ந்துகொண்டால் இந்தக் குழப்பம் வராது. எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை தராசைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போதே கேமராவின் தேதியையும் பார்த்துவிடுகிறோம்.

அடுத்து படத்தின் அளவு. கார்டில் நிறையப் படம் பிடிக்கட்டும் என்று யாரோ ஒருவர் அளவைக் குறைத்து வைத்திருப்பார். அது அப்படியே நிற்கும். எங்கள் கேமராவில் 640-க்கு 480 என்று இருந்தது. அதாவது ஒரு படத்தில் சுமார் 3 லட்சம் புள்ளிகள். அதே கேமரா 4000-க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளில் எடுக்கக்கூடியது. நாற்பதில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு பூசணத்தைக் காட்ட முயன்றிருக்கிறோம். கார்டு இன்று மலிவு. அளவையும் தரத்தையும் மேல் நிலையில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடவும். அது எடுத்த படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவதுதான். கிட்டத்தில் வேண்டுமானால் இரண்டு எட்டு முன்னால் நடக்க வேண்டும்.

ஆனால் கிட்டே போனால் மங்குகிறதே என்பீர்கள். சிறு கேமராக்கள் சாதாரண நிலையில் ஏறத்தாழ அரை மீட்டருக்குள் இருப்பதைத் தெளிவாகப் பிடிப்பதில்லை. இது மாடலுக்கு மாடல் மாறும். அதற்காகத்தான் பூப்படம் போட்ட பொத்தான் இருக்கிறது. பூ எடுக்க மட்டுமென்று பலர் நினைத்து அதைத் தொடுவதே இல்லை. அதை அழுத்தி, ஜூம் செய்யாமல், சில அங்குலம் வரை கிட்டே போகலாம். பொத்தானைப் பாதி அழுத்தினால் திரையில் பச்சைக் கட்டம் வரும். அது எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்த பிறகே முழுதும் அழுத்த வேண்டும். சாக்கின் சணல் தெளிவாகவும், உள்ளே இருக்கும் தானியம் மங்கலாகவும் வருவது இந்தக் கட்டத்தைப் பார்க்காததால்தான்.

இனிச் சொல்லப்போவது நம் தொழிலுக்கே உரிய கோளாறு. இதை நம்ப மறுத்தவர்கள் பலர். ஆகவே உங்கள் கடையிலேயே செய்து பாருங்கள். மூன்று தட்டு எடுத்து ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் துவரம் பருப்பு, ஒன்றில் மிளகு கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் திரை நிறையும்படி தனித்தனியாகப் படம் எடுங்கள். பருப்பு பரவாயில்லாமல் வரும். சர்க்கரை அழுக்குச் சாம்பலாக வரும். மிளகோ வெளுத்துப் பழைய சரக்கு போலத் தெரியும். காரணம், எதிரில் இருப்பது சர்க்கரையா மிளகா என்று கேமராவுக்குத் தெரியாது. வந்து விழும் வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளையைப் பார்த்தால் வெளிச்சம் அதிகம் என்று குறைக்கும். கறுப்பைப் பார்த்தால் போதவில்லை என்று கூட்டும்.

இதைத் திருத்தக் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் உண்டு. சர்க்கரை, உப்பு, மைதா, ரவை, பச்சரிசிக்கு +1 வைக்கவும். போதாவிட்டால் இன்னும் ஒரு படி கூட்டலாம். மிளகு, கறுப்பு உளுந்து, கருஞ்சீரகத்துக்கு –1 அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக. போனில், திரையில் சரக்கைத் தொட்டால் சூரியன் போன்ற குறி வரும். பெரும்பாலான போன்களில் அதை மேலும் கீழும் இழுத்தால் இதே வேலை நடக்கும். வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்க மறக்கக்கூடாது. பல கேமராக்கள் வைத்ததை வைத்தபடியே வைத்துக்கொள்ளும். சர்க்கரைக்கு வைத்த +1-இல் மிளகை எடுத்தால் அது மிளகாகவே தெரியாது.

நிறம் இதைவிடப் பெரிய தலைவலி. 2021-இல் வெளியூர் கடைக்காரர் ஒருவருக்குத் துவரம் பருப்பின் சாம்பிள் படம் அனுப்பினோம். பார்த்தவர் போனிலேயே 20 மூட்டைக்கு விலை பேசினார். சரக்குப் போய் இறங்கியதும், "அண்ணாச்சி, படத்துல மஞ்சக்கிழங்கு மாதிரி இருந்துச்சு, வந்தது வெளுப்பா இருக்கே" என்றார். நாங்கள் சரக்கை மாற்றவில்லை. பூஜை மாடத்தருகே எரியும் மஞ்சள் பல்பின் கீழ் வைத்து எடுத்திருந்தோம், அவ்வளவுதான். ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? பத்து வருடப் பழக்கம். மூட்டைக்கு இவ்வளவு என்று தள்ளிக் கொடுத்துப் பைசல் செய்தோம். பணத்தைவிட, அவர் ஒரு கணம் எங்களைச் சந்தேகித்தார் என்பதுதான் உறுத்தியது.

வெளிச்சத்துக்கு நிறம் உண்டு என்பதை நம் கண் மறைத்துவிடும். கேமரா மறைக்காது. குண்டு பல்பின் வெளிச்சம் 2,700 கெல்வின் அளவில் மஞ்சள் கலந்தது. உச்சி வெயில் 5,500 அளவில் வெள்ளை. நிழல் 7,000-க்கு மேல் போய் நீலம் தட்டும். பழைய டியூப் லைட்டில் பச்சை கலந்திருக்கும். கேமரா இதைத் தானே ஈடுகட்டப் பார்க்கும். மெனுவில் 'ஒயிட் பேலன்ஸ்' என்றிருப்பது அதுதான். தானியங்கியில் விட்டால், திரை முழுதும் விரலி மஞ்சள் நிறைந்திருக்கும்போது விளக்குதான் மஞ்சளோ என்று எண்ணி நிறத்தை இழுத்துக் குறைத்துவிடும். நல்ல ஈரோட்டு மஞ்சள் சோகை பிடித்தது போல வருவது இப்படித்தான். வெயில், மேகம், டியூப், பல்பு என்று படம் போட்டிருக்கும். இருக்கிற வெளிச்சத்துக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளவும். அதைவிட நல்லது, அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி 'இதுதான் வெள்ளை' என்று கேமராவுக்குப் பதிந்துவிடுவது. கஸ்டம் என்ற பெயரில் பல கேமராக்களில் இந்த வசதி இருக்கிறது.

எந்த வசதியும் இல்லாவிட்டாலும், சரக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படத்துக்குள் வரும்படி எடுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் படத்தை நம்பக்கூடாது என்று வாங்குபவருக்கே தெரிந்துவிடும். இரண்டு வெளிச்சம் கலக்கக்கூடாது. வாசல் பக்கம் வெயில், உள்பக்கம் டியூப் என்றால் ஒரே தட்டில் இரண்டு நிறம் வரும். நீலத் தார்ப்பாயின் கீழே வைத்து எடுத்தால் எல்லாமே நீலம் பூசி, பருப்பு பச்சையாகத் தெரியும். நாங்கள் இப்போது சாம்பிளைக் காலை வேளையில், வாசல் நிழலில், வெள்ளைத் தாளோடுதான் எடுக்கிறோம்.

'உணவு' என்று கரண்டி, முட்கரண்டி போட்ட ஒரு நிலை சில கேமராக்களிலும் போன்களிலும் இருக்கிறது. ஓட்டல்காரருக்கு நல்லது. நமக்கு வேண்டாம். அது நிறத்தைத் தூக்கிக் காட்டும். தொலி வெளுத்த மிளகாயும் புதுச் சரக்கு போலச் சிவந்து நிற்கும். வாங்கிய பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நாம்.

பிளாஷைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடித்தால் வெள்ளைப் பொட்டாகத் திரும்பி வரும். பெயரும் எடையும் விலையும் படிக்க முடியாது. நனைந்த சாக்கை நேரே பிளாஷ் போட்டு எடுத்தால் ஈரத்தின் திட்டு மறைந்துவிடும். பிளாஷை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி எடுத்தால் ஈரமும் பூசணமும் எழுந்து தெரியும்.

அப்போது வெளிச்சம் குறைவாக இருக்குமே என்றால், அங்கேதான் ஐ.எஸ்.ஓ. என்ற அமைப்பு வருகிறது. தானியங்கியில் விட்டால் இருட்டுக் குடோனில் அது 1600, 3200 என்று ஏறும். படம் முழுதும் பொடிப் புள்ளிகள் விழும். நல்ல பயறு வண்டு அரித்தது போலத் தெரியும். உண்மையில் வண்டு அரித்ததோ புள்ளிகளில் கலந்து காணாமல் போகும். 400-க்கு மேல் போகாமல் நிறுத்தி வைக்கவும். கை நடுக்கத்துக்கு ஒரு வழி, கேமராவை மூட்டை மேல் வைத்து, 2 விநாடி டைமரில் விட்டுவிடுவது.

எடுத்த படத்தைக் காப்பதிலும் ஓர் அமைப்பு காலை வாருகிறது. கார்டை மாற்றினால் அல்லது அழித்தால் படங்களின் எண் மறுபடி 0001-இலிருந்து தொடங்கும்படி கேமரா இருந்தால், கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் போடும்போது பழைய 0001-ஐப் புதியது மூடிவிடும். 'தொடர் எண்' என்ற அமைப்பைத் தேர்ந்து, லோடுக்கு ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளவும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். எடுத்த தேதி முதலான உள் விவரங்களும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். அனுப்பிய பின் மூலப் படத்தை அழிக்கவே கூடாது. வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் நகலில் மட்டும்.

லோடு சேதமானால், லாரியின் எண்ணும் கிழிந்த தார்ப்பாயும் தெரிய ஒன்று, மூட்டைகள் லாரியில் இருந்த நிலையில் ஒன்று, மூட்டையின் மார்க் தெரிய ஒன்று, அதன் பிறகே கிட்டத்துப் படம். இந்த வரிசையில் எடுத்தால் கதை தானே புரியும். லாரிக்காரர் மீது வழக்குப் போடுவதானால், 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நம்மில் பலர் பேசிப் பேசியே இந்த நாட்களைக் கடத்திவிடுகிறோம்.

நீதிமன்றத்தில் டிஜிட்டல் படத்தைச் சாட்சியமாகக் கொடுக்க ஒரு சான்று இணைக்க வேண்டும். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவில் இருக்கிறது. விவரத்தை உங்கள் வழக்கறிஞர் சொல்வார். படம் எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது, அதன் கம்பெனி, மாடல், வரிசை எண் என்ன என்று அந்தச் சான்றில் எழுத வேண்டியிருப்பதால், கேமராவோ போனோ வாங்கிய பில்லைக் கடை ஃபைலில் போட்டு, வரிசை எண்ணையும் அதன் மேலேயே குறித்து வைக்கவும்.