தரையை வெட்டிப் பாராமல் மேட் விடாதேங்கோ

ஸ்கந்தபுரத்தில் கடல் இல்லை. அக்கராயன் குளமும் வயலும்தான் எங்கள் பக்கத்துத் தண்ணீர். ஆனாலும் என் வளவு மாமர நிழலில் ஏதாவது ஒரு பைபர் படகு ஏறிக் கிடக்கும். நாச்சிக்குடா, வலைப்பாடு, கிராஞ்சிப் பக்கமிருந்து ஜெயபுரம் வழியாகத் திருத்துவதற்கு உழவு இயந்திரப் பெட்டியில் கட்டிக்கொண்டு வருவார்கள். கரையிலேயே செய்யலாமே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. கரையில் உப்புக்காற்று ஓயாது, மணல் பறந்து ஈர றெசினில் ஒட்டும். வெட்டித் திறந்த படகு உலர்வதற்குக் கரையிலிருந்து உள்ளே தள்ளிய இடம்தான் வசதி.

பெரியப்பா காரைநகர் சீநோர் படகு கட்டும் தளத்தில் வேலை செய்தவர். நோர்வே உதவியோடு 1960களின் கடைசியில் தொடங்கிய அந்தத் தளத்தில்தான் வடக்கின் மீனவர்கள் பலர் முதன்முதல் பைபர் படகைக் கண்டார்கள். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு நாங்கள் வன்னிக்கு வந்தோம். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் றெசின் லேசில் கிடைக்காது. அவர் வாயால் சொல்லித் தந்ததை நான் கையால் செய்யத் தொடங்கியது 2009க்குப் பிறகுதான்.

இங்கே நான் சொல்வது பழைய 18 அடிப் படகின் பின்பாதியைப் பற்றி. ஆள் நின்று வலை இழுக்கிற தரை, மீன் பெட்டி, வலை குவிக்கிற இடம். வெளிநாட்டில் தூண்டில் விளையாட்டுக்குப் போகும் படகுகளில் இதைக் கொக்பிட் என்பார்கள். அதன் வீடியோக்களைப் பார்த்துவிட்டு "இப்பிடி ஒண்டு செய்து தாங்கோ அண்ணை" என்று கேட்கிற தம்பிமார் இப்போது அதிகம். தூண்டில் செருகுகிற குழாய், மூடிபோட்ட பெட்டி, தானாகத் தண்ணீர் வடிகிற தளம் எல்லாம் அதில் இருக்கும்.

நான் முதலில் சுத்தியல் பிடியால் தரையைத் தட்டுவேன். நல்ல இடம் 'டங்' என்று கேட்கும். உள்ளே ஒட்டு விட்ட இடமோ பலகை இற்ற இடமோ 'டொக்' என்று அடங்கிப் போகும். அந்த இடங்களைச் சோக்கால் வட்டம் போட்டுக்கொண்டு வந்தால், பெரும்பாலும் வட்டங்கள் எல்லாம் ஏதாவது ஆணியைச் சுற்றியோ போல்ட் ஓட்டையைச் சுற்றியோதான் விழும். ஓட்டை வழியே இறங்கிய தண்ணீர் பைபரைத் தின்னாது, உள்ளே இருக்கிற ஒட்டுப்பலகையைத் தின்னும்.

"உதை வெட்டாமல் மேலால ரெண்டு மேட் விட்டால் காணாதோ அண்ணை?" என்று கண்ணாடி நார் விரிப்பைச் சொல்லி நாச்சிக்குடாக்காரர் ஒருவர் கேட்டார். அவருடைய படகின் தரையைக் கிரைண்டரால் ஒரு சாண் அளவு வெட்டித் தூக்கிக் காட்டினேன். உள்ளே பலகை கருத்து, கையால் பிய்க்கத் தேயிலைச் சக்கை போல வந்தது. மிதப்புக்கென்று அடைத்திருந்த ஸ்பொஞ்சைப் பிழியத் தண்ணீர் ஓடியது. 50 லீற்றர் தண்ணீர் ஊறியிருந்தால் 50 கிலோ. மீன் பிடிக்காத ஒரு ஆளைத் தினமும் சும்மா ஏற்றிக்கொண்டு போகிற கதை. 2022 ஓகஸ்டில் படகு எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய பிறகு இந்தக் கணக்கை நான் யாருக்கும் விளக்க வேண்டி வந்ததில்லை.

வெட்டினால் முழுவதும் வெட்ட வேண்டும். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, நிழலில் காற்றுப்பட விட வேண்டும். சோழகம் அடிக்கிற மாதங்கள் இதற்கு உகந்தவை. மாரி தொடங்கிய பிறகு திறந்த படகை நான் ஏற்பதில்லை.

பழைய பைபரில் புது பைபர் ஒட்டுவதற்கு அது கடித்துப் பிடிக்க இடம் கொடுக்க வேண்டும். மேல் ஜெல்கோட்டையும் பெயின்டையும் முழுக்க உரஞ்சி, கண்ணாடி நார் கண்ணில் படும் வரை போக வேண்டும். சேர்க்கிற ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாக்க வேண்டும். தடிப்புக்குப் பன்னிரண்டு மடங்கு என்பது பெரியப்பாவின் கணக்கு, படகு கட்டுகிறவர்களின் பொதுக் கணக்கும் அதுதான். 6 மில்லிமீற்றர் தடிப்பென்றால் 72 மில்லிமீற்றர் சரிவு. பிறகு அசிற்றோனால் துடைத்து, அது காய்ந்ததும் வேலையைத் தொடங்கலாம். துடைத்த இடத்தை வெறுங்கையால் தடவிப் பார்க்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அந்தக் கை எண்ணெயே ஒட்டைக் கெடுக்கும்.

வன்னி மனிதருக்கு மரத்தில் நம்பிக்கை அதிகம். தரைக்கு அடியில் தாங்கியாக முதிரைச் சட்டம் வைத்துப் பைபரால் மூடச் சொல்வார்கள். முதிரை உறுதிதான், ஆனால் பாரம். ஈரம் புகுந்தால் உப்பி, மூடிய பைபரையே வெடிக்க வைக்கும். நான் எஸ்லோன் பைப்பை நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மேட் விடுகிறேன். பைப் வெறும் அச்சுத்தான், பலம் முழுவதும் மேலே வளைந்து நிற்கிற பைபரில். மிதப்புக்கு ரெஜிபோம் வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: பொலியெஸ்டர் றெசின் பட்டதும் ரெஜிபோம் கண்ணுக்கு முன்னாலேயே உருகிக் குழியாகிவிடும். மூடி இறுக்கிய வெறும் சோடாப் போத்தல்களை நிரப்பினால் செலவும் இல்லை, தண்ணீர் ஊறுவதும் இல்லை.

றெசின் வாங்கும்போது இறுகலை விரைவாக்கும் கோபால்ட் கலந்ததா கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். கலந்தது பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். கலக்காததை வாங்கினால் கோபால்ட்டை றெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே இறுக வைக்கிற ஹார்ட்னரை விட வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று ஊற்றினால் வெடிக்கும். இரண்டு போத்தலையும் ஒரே தட்டில்கூட வைக்காதீர்கள். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒரு கிலோ றெசினுக்கு 10 மில்லி ஹார்ட்னர் எங்கள் வெயிலுக்குப் போதும். சிரிஞ்சால் அளந்து விடுங்கள், மூடியால் குத்துமதிப்பாக விடுவது வேண்டாம். வெயில் கடுமை என்று அளவை அதற்கும் கீழே குறைத்தால் றெசின் கடைசிவரை சரியாக இறுகாது. அதனால் அளவில் கை வைக்காமல் நேரத்தை மாற்றுகிறேன். விடியப்புறம் தொடங்கி, வெயில் ஏறுமுன் ரோலரைக் கழுவிவிடுவேன். ஆழமான வாளியில் கலக்கினால் சூடு உள்ளேயே தேங்கிப் புகையத் தொடங்கும். அகன்ற தட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குவதே நல்லது.

450 கிராம் மேட் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ றெசின் குடிக்கும், ஒரு மில்லிமீற்றர் தடிப்புத் தரும். மினுங்க வேண்டும் என்று றெசினை அள்ளி ஊற்றுகிறவர்கள் பலத்தைக் கூட்டுவதில்லை, பாரத்தையும் வெடிப்பையும்தான் கூட்டுகிறார்கள். ஒரே நேரத்தில் மூன்று நாலு மேட்டுக்கு மேல் விட்டால் சூட்டில் தரை வளையும். மூலைகளில் மேட் மடங்காது, அடியில் காற்று நிற்கும். றெசினோடு பிரெஞ்சு சோக் குழைத்து மூலையை விரலால் உருட்டிவிட்டு மேட்டைப் போட்டால் படியும்.

இனி அந்த வீடியோக்களில் வருகிற, தானாகத் தண்ணீர் வடிகிற தரை. தண்ணீர் தானாக வடிய வேண்டுமென்றால் தரை, பாரம் ஏற்றிய படகின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். கரையில் ஏறிய படகில் அந்த மட்டம் தெரியாது. எஞ்சின், வலை, ஐஸ், இரண்டு ஆள் எல்லாம் ஏற்றிக் கடலில் விட்டு அடையாளம் வைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி விடுவேன். எங்கள் 18 அடிப் படகில் தரையை அந்த உயரத்துக்குத் தூக்கினால் விளிம்பு முழங்காலுக்குக் கீழே வந்துவிடும். குனிந்து நண்டு வலை இழுக்கிறவர் தலைகுப்புறப் போவார். பெரிய படகுக்குப் பொருந்துகிறதை இதில் நான் செய்வதில்லை. தரையைப் பதிவாகவே வைத்து, பின்மூலைக்குச் சரிவு கொடுத்து, ஒரு குழி விடுகிறேன். வெட்டிய எண்ணெய்க் கானால் கோலி ஊற்ற அதுவே போதும். தாங்கிகளின் அடியில் தண்ணீர் ஓட ஓட்டை விட்டு, அதன் விளிம்புக்கும் றெசின் பூச வேண்டும்.

அந்த வீடியோக்களில் நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. அங்கே விளிம்புக்கு மேலே ஒரு கொக்கிகூட நீட்டிக்கொண்டு நிற்காது, தூண்டில் நூல் சிக்கக் கூடாது என்பதற்காக. நீலக்கால் நண்டு வலைக்கும் அதே நியாயம்தான். ஒரு ஆணித் தலை போதும், ஒரு இரவின் வலை கிழிய. உள்பக்க விளிம்பு எல்லாவற்றையும் உருட்டி, பெட்டி மூடியின் பிடியைத் தரைக்குள் பதித்துக் கொடுக்கிறேன்.

கடைசிப் பூச்சில் கொஞ்சம் மெழுகு கலக்காவிட்டால் மேல்பரப்பு பிசுபிசுத்தே நிற்கும். ஈரமாக இருக்கும்போதே கழுவிக் காயவைத்த மணலை அரித்துத் தூவினால் கால் வழுக்காது. நிறம் வெள்ளையோ இளமஞ்சளோ போதும். கரும்பச்சை கேட்டு அடம்பிடித்த ஒருவரை நண்பகலில் பழைய கறுப்புத் தரையில் வெறுங்காலோடு நிற்கச் சொன்னேன், பேசாமல் வெள்ளைக்கு ஒத்துக்கொண்டார்.

எஞ்சின் பூட்டுகிற பின்பலகை ஆடினால் மட்டும் வீட்டில் தொட வேண்டாம். தரை பிழைத்தால் திரும்ப வெட்டலாம். பின்பலகை நடுக்கடலில் பிரிந்தால் எஞ்சினோடு போய்விடும், பின்பக்கம் திறந்த படகுக்குள் தண்ணீர் வர அதிக நேரம் எடுக்காது. அப்படி வருகிற படகுகளை நான் பார்த்துவிட்டு, படகு கட்டுகிற தளத்துக்குத்தான் அனுப்புகிறேன்.