சாரப் பலகையும் உயிர்ப் பாதுகாப்பும்

கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடமோ, நீர்த்தேக்கத் தொட்டியோ, ஏழை எளியோர்க்கு வீடோ கட்டப்பெறும்போது நாம் சிமெண்டின் தரத்தை விசாரிக்கிறோம். செங்கல்லைத் தட்டிப் பார்க்கிறோம். கம்பியின் கனத்தை அளக்கிறோம். வேலை முடிந்ததும் அவிழ்த்து அகற்றப்படும் சாரத்தை மட்டும் எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால், கொத்தனாரும் சித்தாளும் நாள் முழுவதும் நிற்பது அந்தச் சாரத்தின் மேலுள்ள பலகையில்தான். ஆதலின், அப்பலகையைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களும் வீடு கட்டும் உழவர் பெருமக்களும் அறிய வேண்டியவற்றை இங்குக் கூற விரும்புகிறோம்.

நம் மாவட்டம் கண்ட துயரம்

2025 செப்டம்பர் 30 அன்று, நமது திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்தே அமைக்கப்பட்டு வந்த இரும்பு வளைவும் சாரமும் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டனர். அஸ்ஸாம் முதலிய தொலைவிடங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள்.

அது பெரும்பணி. சிற்றூர்ப் பணிகளில் இத்தகைய அபாயம் இல்லை என்று எண்ணுவது தவறு. நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், ஒரு பள்ளிச் சுவருக்குப் பூச்சு வேலை நடந்தது. தொழிற்பேட்டையில் கழித்துப் போட்ட பெட்டிகளைப் பிரித்தெடுத்த மெல்லிய பலகைகளே சாரத்தில் இடப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றின் முனை, குறுக்குக் கழியைத் தாண்டி இரண்டு அடி நீண்டிருந்தது. கலவைச் சட்டியுடன் ஓர் அம்மையார் அம்முனையில் கால் வைத்ததும் மறுமுனை மேலெழுந்தது. பத்து அடி உயரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த அவர், ஆறு மாதம் வேலைக்குப் போக இயலவில்லை. அதற்கு முந்திய வாரந்தான் நாம் பொறியாளருடன் அங்குச் சென்று, அளவுப் புத்தகத்தைச் சரிபார்த்து ஒப்பமிட்டுத் திரும்பியிருந்தோம். அந்தப் பலகையின் அடியிலேயே நின்றோம். தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. இக்கட்டுரை எழுதக் காரணம் அதுவே.

பலகை தாங்க வேண்டிய பாரம் எவ்வளவு?

இரண்டு கொத்தனார்கள் 120 கிலோ. கல் ஒன்றுக்கு 3 கிலோ வீதம் 50 செங்கற்கள் 150 கிலோ. இரண்டு சட்டிக் கலவை 50 கிலோ. ஆக 320 கிலோ. கற்களை மெல்ல அடுக்காமல் சட்டென்று கொட்டினால் அதன் பாரம் ஏறத்தாழ இரு மடங்காகத் தாக்கும். இதனாலேயே, சாரமும் அதன் உறுப்புகளும் உத்தேசித்த பாரத்தைப் போல் நான்கு மடங்கைத் தாங்க வேண்டும் என்று அமெரிக்க நாட்டு விதிகள் கூறுகின்றன. நமது நாட்டிலும் சாரங்களுக்கென இந்தியத் தர நிர்ணயம் 3696 என்னும் எண்ணில் 1966-இல் வெளியிடப்பெற்று, 1987-இல் திருத்தப்பெற்றது.

கனமும் இடைவெளியும்

பலகையின் வலிமை அதன் கனத்தைப் பொறுத்தது. கனம் பாதியானால் வலிமை பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. ஒன்றரை அங்குலப் பலகைக்குப் பதிலாக முக்கால் அங்குலப் பலகையை இட்டால் நேர்வது இதுதான். தாங்கு கழிகளின் இடைவெளியும் அவ்வாறே. 5 அடி இடைவெளியை 10 அடியாக்கினால், நடுவில் நிற்கும் அதே ஆளின் பாரத்துக்குப் பலகை எட்டு மடங்கு வளையும்.

பிரிட்டிஷ் முறையில் வழக்கமான சாரப் பலகை 225 மில்லிமீட்டர் அகலமும் 38 மில்லிமீட்டர் கனமும் உடையது. அதாவது 9 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். அதற்குத் தாங்கு கழிகளின் இடைவெளி ஒன்றரை மீட்டருக்கு, அதாவது 5 அடிக்கு, மேற்படலாகாது. கழியைத் தாண்டி நீளும் முனை 2 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது. பலகைக் கனத்தின் நான்கு மடங்கை, அதாவது 6 அங்குலத்தை, மிஞ்சவும் கூடாது. குறைந்தால் பலகை நழுவும். மிஞ்சினால் துலாக்கோல் போல் தூக்கும். அந்த அம்மையார் மிதித்த முனை 24 அங்குலம் நீண்டிருந்தது.

எந்த மரம் ஏற்றது?

இதனை உழவர்க்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. ஏர்க்காலுக்குக் கணுவுள்ள மரத்தை எவரும் எடுப்பதில்லை. ரேகை நேராக ஓடுகிறதா, மரம் உலர்ந்ததா என்று பார்த்தே எடுக்கிறார்கள். அதே கண்ணுடன் சாரப் பலகையையும் பார்த்தால் போதும். ரேகை குறுக்கே சாய்ந்தோடும் பலகை முன்னறிவிப்பின்றி ஒடியும். ஓரத்திலுள்ள பெருங்கணு, நடுவிலுள்ள கணுவைவிடக் கேடு தரும். மாம்பலகை மலிவெனினும் எளிதில் உளுத்துப்போகும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதி மணற்பாங்கில் விளையும் சவுக்குக் கழிகள் கால்களுக்கும் குறுக்குகளுக்கும் உதவும். எனினும் மண்ணில் ஊன்றிய பகுதி விரைவில் மக்குமாதலால், பழைய கழியின் அடியைச் சோதித்தே நடவேண்டும்.

பலகைக்கு வர்ணம் பூசுவது பாதுகாப்பு என்று சிலர் கருதுகின்றனர். உண்மை நேர்மாறானது. வர்ணம் வெடிப்பை மறைத்துவிடும். ஆகவே அமெரிக்க விதிகள், அடையாளத்துக்காக ஓரங்களில் பூசுவதைத் தவிர, அதனை விலக்குகின்றன. பலகையின் மேல் குதித்துப் பார்க்கும் வழக்கமும் தீது. அன்று ஒடியாத பலகை உள்ளே விரிசல் கண்டு, மறுநாள் ஒடியக்கூடும்.

தொழிற்சாலைப் பணிகளில் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுப் பலகைகள் பயன்படுகின்றன. இவற்றைக் கரையான் அரிக்காது. ஆயினும் மழையில் வழுக்கும். கொக்கி உடைந்ததையும் நெளிந்ததையும் கழித்துவிட வேண்டும்.

சட்டம் எட்டாத இடம்

கட்டடத் தொழிலாளருக்கென 1996-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கே பொருந்துவதாயிருந்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் அதன் இடத்தைப் பெற்றது. நம் கிராமங்களிலோ ஒரு கொத்தனாரும் நான்கு ஆட்களும் சேர்ந்து ஒரு வீட்டை எழுப்பிவிடுகின்றனர். அங்கே ஆய்வாளரும் வருவதில்லை. பாதுகாப்பு அதிகாரியும் இல்லை. ஆகவே, ஊர்ப் பொதுப் பணிக்கு ஊராட்சியும், சொந்த வீட்டுக்கு வீட்டுக்காரருமே அப்பொறுப்பை ஏற்றாக வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

1. வேலை ஒப்படைக்கும்போதே, பலகை யார் தருவது, அதன் கனம் என்ன என்பதை எழுத்தில் முடிவு செய்க.

2. ஒற்றைப் பலகையில் ஆள் நிற்க அனுமதியாதீர். குறைந்தது இரண்டு பலகைகளை இடைவெளியின்றி அணைத்து இட்டு, கழியோடு கட்டுக.

3. வெளிப்புறத்தில் இடுப்புக்கு மேல் ஒரு கைப்பிடிக் கழியும், பலகையோரத்தில் கல் உருளாதபடி ஒரு தடுப்புப் பலகையும் அமைக்க.

4. நாள்தோறும் காலையில் ஏறுமுன், வெடிப்பு, உளுத்தல், ஆணித்துளை, நீண்ட முனை ஆகியவற்றைக் கொத்தனார் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் கயிற்றுக் கட்டுகளையும் மீண்டும் இறுக்குக.

5. பழுதான பலகையை மூலையில் சார்த்தி வைக்காதீர். மறுநாள் எவரேனும் எடுத்து இட்டுவிடுவர். அன்றே இரண்டாக அறுத்துவிடுக.

6. வேலைக்கு வரும் ஆட்கள், 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு பெற்றுள்ளனரா என்று கேட்டு, பெறாதவர்க்கு உதவுக.

ஊராட்சி ஒவ்வொன்றும் நல்ல பலகைகள் பன்னிரண்டை வாங்கி, எண்ணிட்டு, தரையில் படாமல் நிழலில் அடுக்கி வைத்து, பொதுப் பணிகளுக்கும் எளியோர் வீடுகளுக்கும் இரவலாகத் தருமாயின், அதனினும் சிறந்த தொண்டு வேறில்லை. மழையில் நனையாமல் காத்தால் அவை பல ஆண்டுகள் உழைக்கும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. அடுத்த முறை ஊராட்சிப் பணியைப் பார்வையிடச் செல்லும் உறுப்பினர்கள் சுவரை அளக்குமுன் ஒரு நிமிடம் தலை நிமிர்ந்து பலகையைப் பார்ப்பார்களாக. நாமும் இனி அவ்வாறு பார்த்த பின்பே ஒப்பமிடுவோம்.